அந்தி சாய்ந்ததும் ஸ்டோர் கேமரா அணைகிறது: கேபிளை மாற்ற வேண்டுமா?

வண்டன்மேடு ஏலக்காரன்:
வணக்கம். ஏலக்காய் வாங்கி விற்கிறோம். ரோட்டோரம் ஆபீஸ், பின்னால் சரிவில் இறங்கினால் ட்ரையர் இருக்கிற ஸ்டோர். போன வருஷம் ஒருவர் வந்து ஆபீஸிலிருந்து ஸ்டோருக்கு கேட் 6 தரம் என்று சொல்லி மூன்று நெட்வொர்க் கேபிள் இழுத்துக் கொடுத்தார். எடை போடும் இடத்துக் கம்ப்யூட்டருக்கு ஒன்று, பிஓஇ கேமராவுக்கு (நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் போகும்) இரண்டு. பகலெல்லாம் கேமரா ஒழுங்காக ஓடுகிறது. ஏழு மணி ஆனால் அணைந்து அணைந்து வருகிறது. ராத்திரி முழுக்கக் காய் ட்ரையரில் கிடக்கும், அப்போதுதான் கேமராவே வேண்டும். கேமராவை மாற்றியும் பார்த்தாயிற்று. கம்ப்யூட்டர் 100 எம்பிபிஎஸ் தாண்டுவதில்லை, பில் போடும்போது நடுவில் அறுந்துவிடுகிறது. ஐப்பசி இடியில், இந்தக் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் வேறு கருகிப்போனது. இன்னொரு முறை செலவு செய்தால் அது நிலைக்க வேண்டும். என்ன கேபிள் வாங்கலாம்?

கம்பம் கேபிள்:
தம்பி, வாங்குவதற்கு முன்னால் இரண்டு காரியம் பாருங்கள். கேபிளின் மேலுறையில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சடித்திருக்கும். இரண்டு முனையிலும் படித்துக் கழித்தால் நீளம் தெரியும். அப்புறம் உள்ளே இருக்கும் கம்பி ஒன்றை பிளேடால் சுரண்டுங்கள்.

வண்டன்மேடு ஏலக்காரன்:
பார்த்தேன் அண்ணே. ஆபீஸில் 282, ஸ்டோரில் 164. சுரண்டினால் செம்பு நிறம் போய் வெள்ளையாக இருக்கிறது. இரண்டு தடவை வளைத்ததும் கம்பி ஒடிந்தே விட்டது.

கம்பம் கேபிள்:
நினைத்தது சரிதான். அது அலுமினியம், மேலே செம்புப் பூச்சு மட்டும். கேட் 6 என்று அச்சடித்திருந்தாலும் அந்தத் தரத்தில் சேராது. அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு. இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கு எரியத் தொடங்கும், கரண்ட் கூடுதலாக இழுக்கும். 118 மீட்டர் அலுமினியத்தில் வோல்டேஜ் இறங்கி, கேமரா அணைந்து மறுபடி எழும்புகிறது. நீளமும் தப்பு. சுவருக்குள் போவது 90, இரண்டு முனையிலும் மாட்டுகிற குட்டி கேபிள்களுக்கு (பேட்ச் கார்டு) 10, ஆக மொத்தம் 100 மீட்டர்தான் கணக்கு.

கம்ப்யூட்டர் விஷயம்: ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ஓட, கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடி எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

நெடுங்கண்டம் எலக்ட்ரீஷியன்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நல்ல செம்பு வாங்கினாலும் இரண்டு கட்டிடத்துக்கு நடுவே இழுக்காதீர்கள். நம் மலையில் ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானத்துக்கு மேல் இடி எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் விழுந்தாலே ஆபீஸ் எர்த்துக்கும் ஸ்டோர் எர்த்துக்கும் வோல்டேஜ் வித்தியாசம் வந்துவிடும். அது செம்புக் கம்பி வழியாகத்தான் ஸ்விட்ச்சுக்குள் பாயும். நடுவே சிங்கிள் மோட் ஃபைபர் (கண்ணாடி இழையில் ஒளியாகச் செய்தி போகும் கேபிள்) போடுங்கள், நாலு கோர், அதாவது நாலு இழை. இரண்டு போதும், மற்ற இரண்டு கையிருப்பு. வீட்டு இன்டர்நெட்டுக்கு இழுக்கிற தட்டை ஃபைபரில் ஓரமாக ஒரு ஸ்டீல் கம்பி இருக்கும். அதை வெளியிலேயே வெட்டிவிட வேண்டும், கட்டிடத்துக்குள் கொண்டுவரக் கூடாது.

ஸ்டோரில் சிறிய பிஓஇ ஸ்விட்ச் ஒன்றும் யுபிஎஸ் ஒன்றும். ட்ரையர் சூட்டில் வைக்காதீர்கள், எடை ரூமில் வையுங்கள். அங்கிருந்து கேமராவுக்கு அசல் செம்பு கேட் 6 போதும், அதற்கு மேல் தரமான 6ஏ தேவையில்லை. ப்ளோயர் மோட்டார் ஒயரோடு ஒரே பைப்பில் போடாமல், குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்குத்தாகத் தாண்டுங்கள்.

கம்பம் கேபிள்:
ஆமாம். கேபிளை சுவர் ஜாக்கில் பஞ்ச் செய்து (கம்பிகளை அழுத்திப் பொருத்தி), அதிலிருந்து பேட்ச் கார்டு போடச் சொல்லுங்கள். ஜாக்கில் ஜோடியின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கவிடாதீர்கள். கம்பிகளின் நிற வரிசை இரண்டு முனையிலும் 568பி முறையில் இருக்கட்டும். பணம் கொடுப்பதற்கு முன் டெஸ்டர் வைத்து எட்டுக் கம்பியும் பார்த்துவிடுங்கள்.

வண்டன்மேடு ஏலக்காரன்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடியே செய்தோம். கம்ப்யூட்டர் 1000 காட்டுகிறது. நேற்று ராத்திரி விடியும்வரை கேமரா ஒரு தடவைகூட அணையவில்லை. இரண்டு அண்ணன்களுக்கும் மனமார்ந்த நன்றி.

நெடுங்கண்டம் எலக்ட்ரீஷியன்:
சந்தோஷம் தம்பி. பழைய கேபிளை இரண்டு முனையிலும் கழற்றிவிட்டீர்களா? ஒன்று மாட்டியிருந்தாலும் இடிக்கு அந்த வழி போதும்.

வண்டன்மேடு ஏலக்காரன்:
அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒன்றை விட்டு வைத்திருந்தேன். இப்போதே போய்க் கழற்றுகிறேன் அண்ணே.