செஸ்னா 152: கார்ப் ஹீட் இழுத்ததும் இன்ஜின் இன்னும் மோசமானது, ஏன்?

மாணவ விமானி:
கடலோர ஊரில் செஸ்னா 152 என்ற சிறு விமானத்தில் பயிற்சி. நேற்று வெளியே 27 டிகிரி, முந்தின இரவு மழை, நல்ல புழுக்கம். 3000 அடியில் நேராகப் பறக்கும்போது, த்ராட்டிலை (பவரைக் கூட்டிக் குறைக்கும் பிடி) தொடாமலேயே ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) 2300-இலிருந்து மெல்ல 2100-க்கு வந்தது. கொஞ்சம் கூட்டினேன், திரும்பவும் இறங்கியது. இன்ஸ்ட்ரக்டர் கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் நாப்) முழுக்க இழுத்தார். உடனே ஆர்பிஎம் இன்னும் விழுந்து, இன்ஜின் இருமுவது போல் குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிட்டது. "ஐஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மாணவரோடு கிளம்பிவிட்டார். இந்த வெக்கையில் ஐஸா? நான் தனியாக இருந்தால் குலுங்கியதும் நாபை உள்ளே தள்ளியிருப்பேன்.

பழைய இன்ஸ்ட்ரக்டர்:
தள்ளவே கூடாது தம்பி. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போதும், வென்ச்சுரி என்ற குறுகலான பாதையில் காற்றழுத்தம் குறையும்போதும் உள்ளே 30 டிகிரிக்கு மேல்கூடக் குளிர்ந்துவிடலாம். 27-இல் அதைக் கழித்துப் பாருங்கள். காற்றில் ஈரமும் இருந்தால் த்ராட்டில் தகட்டைச் சுற்றி ஐஸ் படியும். பவரைக் குறைத்து இறங்கும்போது ஆபத்து இன்னும் அதிகம்.

குலுங்கியதற்கு இரண்டு காரணம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதனால் கலவையில் பெட்ரோல் விகிதம் கூடி 'ரிச்' ஆகிறது. அப்புறம், உருகிய தண்ணீர் இன்ஜின் வழியாகத்தானே போக வேண்டும்! ஆர்பிஎம் விழுந்து பிறகு ஏறினால் ஐஸ் இருந்தது என்று அர்த்தம்.

மாணவ விமானி:
நன்றி சார். பயமாக இருந்தால் பாதி மட்டும் இழுக்கலாமா?

விமானப் பராமரிப்புப் பொறியாளர்:
வேண்டாம். உள்ளே எவ்வளவு வெப்பம் என்று காட்டும் மீட்டர் இல்லாத விமானத்தில், பாதிச் சூடு, ஐஸ் ஒட்டாத அளவுக்குக் கடுங்குளிரான காற்றையே ஐஸ் படிகிற வெப்பநிலைக்கு உயர்த்தி விடலாம். முழுக்க இழுங்கள், தெளிந்த பிறகு முழுக்கத் தள்ளுங்கள்.

தாமதிக்கவும் கூடாது. அந்தச் சூடு எக்ஸாஸ்டிலிருந்து வருகிறது. இன்ஜின் நின்றுவிட்டால் சீக்கிரமே அதுவும் ஆறிவிடும்.

ஆனால் குலுங்குவதெல்லாம் ஐஸ் இல்லை. ஐஸ் பெரும்பாலும் மெல்ல வரும். பெட்ரோலில் தண்ணீர் இருந்தால் திடீரென்று வரும். கார்ப் ஹீட் இழுத்தும் குலுக்கல் மாறவே இல்லை என்றால் ஸ்பார்க் பிளக்கில் கரியா, மேக்னெட்டோவில் (பிளக்குக்கு மின்சாரம் தரும் கருவி, இரண்டு உண்டு) கோளாறா என்று தேட வேண்டும். நேற்று நடந்ததை விமானத்தின் லாக் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த ரன்-அப்பில் (பறக்குமுன் தரையில் செய்யும் இன்ஜின் சோதனை) 1700 ஆர்பிஎம்மில், ஒரு மேக்னெட்டோவில் மட்டும் ஓட்டும்போது எதிலும் 125-க்கு மேல் இறங்கக் கூடாது, இரண்டுக்கும் இடையே 50-க்கு மேல் வித்தியாசமும் கூடாது. கார்ப் ஹீட் இழுத்தால் அங்கேயும் கொஞ்சம் இறங்க வேண்டும், இறங்காவிட்டால் கேபிளைப் பார்க்கணும்.

மாணவ விமானி:
சரியாகாமல் நின்றே போனால்?

பழைய இன்ஸ்ட்ரக்டர்:
முதலில் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி வேகத்தை 60 நாட்டில் (மணிக்குச் சுமார் 110 கி.மீ.) வையுங்கள். இன்ஜினைக் குடைந்துகொண்டே வேகத்தை விட்டவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். இறங்க ஒரு வயலைத் தேர்ந்தெடுத்து அந்தப் பக்கம் திருப்புங்கள். அப்புறம் கை வேலை: கார்ப் ஹீட் ஆன், பிரைமர் (ஸ்டார்ட் செய்யக் கூடுதல் பெட்ரோல் செலுத்தும் கைப்பம்ப்) பூட்டியிருக்கிறதா, பெட்ரோல் வால்வு திறந்திருக்கிறதா, மிக்ஸ்ச்சர் (கலவைப் பிடி) ரிச், இக்னிஷன் சாவி இரண்டு மேக்னெட்டோவிலும். காற்றில் ப்ரொபெல்லர் சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் பெரும்பாலும் ஸ்டார்ட்டர் தேவைப்படாது. ரேடியோ எல்லாவற்றுக்கும் பிறகு.

பொறியாளர்:
பின்னால் செஸ்னா 172 எஸ் மாடலுக்கு மாறினால் கார்ப் ஹீட் நாபைத் தேட வேண்டாம். அந்த விமானத்தில் ஃபியூவல் இன்ஜெக்ஷன் (பெட்ரோலை நேரடியாகப் பீச்சும் முறை), கார்புரேட்டரே கிடையாது.