மூவர் திருமணத்தில் ஒருவர் மட்டும் விலகினால்?

பலதார மணத்தைச் சட்டம் ஏற்கலாமா என்று ஞாயிறன்று விவாதம். 'ஏற்கலாம்' என்பது என் பக்கம். ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: மூவர் மணந்து ஒருவர் மட்டும் விலகினால் சொத்தை எப்படிப் பிரிப்பது? மற்ற இருவரின் திருமணம் நிற்குமா?

தேடியாயிற்று. தென்னாப்பிரிக்காவின் 1998 சட்டப்படி, இன்னொரு பெண்ணை மணக்க நினைக்கும் கணவர் சொத்து ஒப்பந்தத்துக்கு நீதிமன்ற ஒப்புதல் வாங்க வேண்டும். சரி, ஆனால் ஆணுக்கு மட்டும்தான் அந்த வழி. அமெரிக்காவின் சோமர்வில் நகரம் 2020-இல் இருவருக்கு மேற்பட்டோரின் துணைவாழ்வைப் பதிவு செய்ய அனுமதித்தது. அது திருமணமே அல்ல. கனடாவின் 2011 தீர்ப்போ பெண்கள், குழந்தைகளுக்கு நேரும் தீங்கைக் காட்டித் தடையை உறுதிசெய்தது. எதிரணிக்குத்தான் லாபம்!

இருபாலரையும் சமமாக நடத்தி, இந்தப் பிரிவினைக்கு விதி வகுத்த சட்டமோ வரைவோ எங்காவது உண்டா?