புதுப்பிப்பு: ராணுவ முகாமில் கால் இழந்த நண்பரின் இழப்பீட்டு மனு

ஹோட்டல் வேலை என்று அழைத்துப்போய், ஈராக்கில் அமெரிக்க ராணுவ முகாமின் சமையற்கூடத்தில் இறக்கிவிடப்பட்ட நண்பரைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். ராக்கெட் தாக்குதலில் ஒரு கால் போனது, ஏஜென்ட் கைவிரித்துவிட்டார் என்பது வரை சொல்லியிருந்தேன்.

இப்போது மனு போட்டாயிற்று. அமெரிக்க அரசு ஒப்பந்தங்களில் வெளிநாட்டில் வேலை செய்பவர்களுக்கு 1941-இல் வந்த டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட் என்ற அமெரிக்க இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். துணை ஒப்பந்ததாரரின் ஆளாக இருந்தாலும், எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும் சரி. சிகிச்சைச் செலவும் ஊதிய இழப்பீடும் கிடைக்க வேண்டும், இறந்துவிட்டால் குடும்பத்துக்கு. பொதுவாக ஒரு வருடத்துக்குள் கேட்டுவிட வேண்டும். இதை எந்த ஏஜென்ட்டும் வாய்திறந்து சொல்வதில்லை, எனக்கு ஆத்திரமே அதில்தான்.

ஒப்பந்த நகல் கையில் இல்லை. முகாம் அடையாள அட்டையின் போட்டோவும் சம்பளம் வந்த பேங்க் பதிவும்தான் கைகொடுத்தன. அட்டையில் இருந்த நிறுவனப் பெயரை வைத்துத்தான் யாருடைய துணை ஒப்பந்தம் என்று பிடித்தோம்.

அப்புறம், நண்பரின் பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்தது, வேலை வாங்கித்தர அவரிடமே பணம் வாங்கியது. இரண்டையும் அமெரிக்க அரசு ஒப்பந்த விதிகள் தடை செய்கின்றன. அதற்குத் தனிப் புகார் அனுப்பியிருக்கிறோம்.

இப்போது முகாம்களில் இருப்பவர்கள் அடையாள அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்து இன்றே வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.