புதுப்பிப்பு: 3.3 வோல்ட் ஏன் நடுங்கியது என்று தெரிந்துவிட்டது

போன வாரம் எழுதியிருந்தேன்: நானே செய்த மண் ஈரப்பத அளவியில் எல்எம்1117 ரெகுலேட்டர் 5 வோல்ட்டை 3.3 ஆகக் குறைத்துத் தருகிறது, மல்டிமீட்டரில் 3.3 சரியாகவே தெரிகிறது, ஆனால் சென்சாரின் அளவீடுகள் தாறுமாறாகக் குதிக்கின்றன. ரெகுலேட்டர்தான் பழுது என்று பலர் சொன்னீர்கள். இரண்டு முறை மாற்றியும் பயனில்லை.

நண்பரின் ஆசிலாஸ்கோப்பை (மின்னழுத்தம் நொடிக்கு நொடி மாறுவதைக் கோடாக வரைந்து காட்டும் கருவி) இரவல் வாங்கிப் பார்த்ததும் புரிந்தது. நேர்க்கோடாக இருக்க வேண்டிய வெளியீடு அலையாக ஆடிக்கொண்டிருந்தது. மல்டிமீட்டர் அதன் சராசரியை மட்டுமே காட்டியிருக்கிறது.

தவறு என்னுடையது. வெளியீட்டில் 10 மைக்ரோஃபாரட் டான்டலம் மின்தேக்கி (மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் பாகம்) இருக்க வேண்டிய இடத்தில், சிறியது, மலிவானது என்று செராமிக் வகையை வைத்திருந்தேன். இந்த ரெகுலேட்டரின் பின்னூட்டச் சுற்று, அதாவது வெளியீட்டைக் கவனித்துத் தானே திருத்திக்கொள்ளும் பகுதி, நிலையாக நிற்க, வெளியீட்டு மின்தேக்கிக்கு 0.3 முதல் 22 ஓம் வரை உள்தடை இருந்தாக வேண்டும். செராமிக்கில் அது சில மில்லி ஓம்தான். உள்தடை குறையக் குறைய மின்தேக்கி தரமானது என்றே நம்பியிருந்தேன்; இங்கே அந்தத் தடைதான் ஆட்டத்தை அடக்குகிறது! இன்னும் வியப்பு தீரவில்லை.

டான்டலம் வைத்தேன், அலை அடங்கிவிட்டது. அளவீடுகளும் இரண்டு நாட்களாகச் சீராக வருகின்றன. செராமிக் மட்டுமே கைவசம் இருந்தால், அதனுடன் தொடராக அரை ஓம் தடை ஒன்றைச் சேர்க்கலாம். டான்டலத்தை முனை மாற்றி இணைத்துவிடாதீர்கள், தீப்பிடிக்கக்கூடும்.

"எந்த வகை மின்தேக்கி?" என்று முதலில் கேட்டவருக்கு மனமார்ந்த நன்றி.