பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சோலைக்காடு:
2018 ஆகஸ்டு, கோடைக்கானல் பக்கம். எந்த இடம் என்று போனவர்களுக்குத் தெரியும். சரிவெல்லாம் நீலம், ஆனால் என் மனதில் நிற்பது அது இல்லை. வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு காரின் டிக்கி திறந்திருந்தது. உள்ளே குறிஞ்சிக் கொத்துகள், கிளையோடு முறித்தவை. அதற்குள் பூவெல்லாம் துவண்டு நிறம் மங்கிவிட்டது. ஒரு தேனீ மட்டும் விடாமல் பூப்பூவாக நுழைந்து வந்துகொண்டிருந்தது. டிக்கியை அப்படியே சாத்தினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

புல்வெளி:
பறிப்பதால்தான் குறிஞ்சி அழிகிறது என்பதை நான் ஏற்கமாட்டேன். மேல்பழனி மலையில் ஒரு சரிவு, பாதி வரைக்கும் பூ. சீகை மரங்கள் (வாட்டில் என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை) தொடங்கும் இடத்தில் சட்டென்று நின்றுபோனது. உள்ளே போய்ப் பார்த்தேன், சருகுதான், ஒரு புதர்கூட இல்லை. புல்வெளியைத் தேயிலைக்கும் சீகைக்கும் யூகலிப்டஸுக்கும் கொடுத்துவிட்டு, நாலு கொத்து பறித்தவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? 2024-ல் ஐ.யூ.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில், அதாவது அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில், இது ஏறியதும் வாழிடம் போனதால்தான்.

மலைநடை:
புல்வெளி, நீங்கள் சொல்வது பாதிதான் சரி. குறிஞ்சி ஒரே தடவை பூத்து, காய்த்து, செத்துவிடும். கொத்தை முறித்தால் அந்தக் கிளைக்கு விதையே கிடையாது. பூத்த மறு வருடம் போனேன். சரிவு முழுக்கக் காய்ந்த குச்சி, அதையும் ஒரு பக்கம் விறகுக்கு அறுத்துக் கட்டி வைத்திருந்தார்கள், காய்க்கொத்தோடு.

அப்புறம், அடுத்த பூப்புக்கு, 2030-ல், போகிறவர்களுக்கு. வருடா வருடம் குறிஞ்சி பூத்ததாகச் செய்தி வரும். பெரும்பாலும் அது வேறு வகைக் குறிஞ்சி, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆண்டுக் கணக்கு. நம்பி ஓடாதீர்கள். வாரக்கடைசி வேண்டாம். பாதையை விட்டு இறங்காதீர்கள், படம் எடுக்கப் புதருக்குள் நின்றாலே கிளை முறியும். படத்தோடு இடத்தையும் சேர்த்துப் போடாதீர்கள். நாற்று என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள், அது புல்வெளியிலிருந்து பிடுங்கியதாக இருக்கலாம்.

மழைக்காலம்:
அதே 2018-ல் மூணாறில் வெள்ளம். பெரியவரைப் பாலம் உடைந்து, பாதை திறந்த பிறகுதான் குறிஞ்சி பூக்கும் ராஜமலைக்குப் போக முடிந்தது. மழையில் குழைந்த பூ பாறையெல்லாம் ஒட்டிக்கிடந்தது. ஒரு வரையாட்டுக் குட்டி அதை முகர்ந்துவிட்டு நகர்ந்தது. அந்தச் சரிவில் விதை பிடித்ததா என்று இன்றும் யோசிக்கிறேன். சமீபத்தில் யாராவது போனீர்களா? செடி எவ்வளவு உயரம் வந்திருக்கிறது?