தாட்பூட் கொடியில் தேமல் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்

கொடைக்கானல் கீழ்மலையில் 60 தாட்பூட் (பேஷன் ஃப்ரூட்) கொடி வைத்திருந்தேன், எல்லாம் ஊதா ரகம். இரண்டாம் வருடம் மார்கழியில் கொழுந்து இலையெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகத் தேமல் விழுந்து மேடுபள்ளமாகிவிட்டது. சத்துக் குறைச்சல் என்று நினைத்து நுண்ணூட்டம் அடித்தேன். பங்குனியில் வெயில் ஏறியதும் புது இலை ஓரளவு நன்றாக வந்தது, மருந்து கேட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அங்கேதான் ஏமாந்தேன். இது சத்துக் குறைச்சல் இல்லை, வைரஸ் நோய். குளிரில் தூக்கலாகத் தெரியும் தேமல் வெயிலில் மங்கிவிடும், வைரஸ் மட்டும் கொடிக்குள்ளேயேதான் இருக்கும்.

காய் வந்ததும் விஷயம் தெரிந்தது. எலுமிச்சை அளவுக்கு, கோணல்மாணலாக, கையில் எடுத்தால் கட்டை. அரிவாளால் பிளந்து பார்த்தேன், தோல் விரல் தடிமனுக்கு வெள்ளையாக ஏறிப் போய் நடுவில் நாலு விதை, சாறு ஒரு ஸ்பூன்கூடத் தேறவில்லை. வீட்டில் அதைப் பார்த்துவிட்டு யாரும் பேசவில்லை.

அப்புறம்தான் விசாரித்தேன். இதைப் பரப்புவது அசுவினி, செடியின் சாற்றை உறிஞ்சுகிற சின்னப் பூச்சி. இலையில் ஊசியைக் குத்தி ருசி பார்க்கிற சில நொடிகளிலேயே வைரஸை இறக்கிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடும், நாம் அடிக்கிற பூச்சிமருந்து அதைக் கொல்வதற்குள் வேலை முடிந்திருக்கும். அதனால் மருந்துக்குச் செலவழித்த காசு வீண். நானும் கவாத்துக் கத்தரியைக் கழுவாமல் கொடிக்குக் கொடி வெட்டிக்கொண்டே போயிருக்கிறேன், போதாததற்கு அதே கொடியில் தண்டு வெட்டிப் பதியமும் போட்டு வைத்திருந்தேன். தாய்க்கொடியில் நோய் இருந்தால் பதியத்திலும் இருக்கும் என்று அப்போது தெரியாது.

60 கொடியையும் வேரோடு பிடுங்கி எரித்தேன். காய் தொங்கிக்கொண்டிருந்த கொடிகளும் அதில் உண்டு, மனசு கேட்கவில்லைதான்.

தைவானில் வைரஸ் இல்லாத ஒட்டுச் செடியை வருடாவருடம் புதிதாக நட்டு, அந்த ஒரு வருட மகசூலோடு எடுத்துவிடுகிறார்கள். பிரேசிலில் வலைக்குள் ஆள் உயரத்துக்கு நாற்றை வளர்த்துப் பிறகுதான் தோட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள், கொடி வளர்ந்தபின் நோய் தாக்கினால் சேதம் குறைவு. நானும் இந்தத் தடவை விதை போட்டு வலைக்குள் வளர்க்கிறேன். பக்கத்தில் தட்டைப்பயறு போடுவதையும் நிறுத்தியாச்சு, பிரேசிலில் இந்த நோயைக் கொடுக்கிற வைரஸ் தட்டைப்பயறிலும் வரும். வேலியோரம் படர்ந்திருந்த சிறுபூனைக்காலியையும் பிடுங்கிவிட்டேன், அதுவும் தாட்பூட் இனம்தான். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வேலியில் இன்னும் அது இருக்கிறது, சொல்லியிருக்கிறேன், ஐப்பசிக்குள் எடுத்துவிடுகிறேன் என்றிருக்கிறார்.