கோபி (கோபிச்செட்டிபாளையம்), சத்தி (சத்தியமங்கலம்), ஈரோடு சுத்த வர்றவங்களுக்கு: தண்ணி, சாப்பாடு, மலைப்பாதை

கோபிக்காரன்:
கோபி பக்கம் பவானி ஆத்துல இருக்கற கொடிவேரி அணைக்கட்டுக்குக் குளிக்கக் கிளம்பறதுக்கு முன்னாடி, ஆத்துக்கு மேல இருக்கற பவானிசாகர் அணையோட நீர்மட்டத்தைப் பாருங்க. முழு மட்டம் 105 அடி. அதை நெருங்கி உபரித் தண்ணியை ஆத்துல திறந்துட்டாங்கன்னா கொடிவேரியில குளிக்கத் தடை போட்டுருவாங்க. கோபியில ஒரு சொட்டு மழை இல்லாட்டியும், நீலகிரியில ரெண்டு நாள் அடிச்சு ஊத்தினா இங்க ஆறு பெருகிரும். அணை நிலவரம் தினசரிப் பேப்பர்லயே வருதுங்க, காலையில பார்த்துட்டு வண்டியை எடுங்க.

ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல் ரெண்டு நாளும் கால் வைக்க இடம் இருக்காது. வார நாள் காலையில வாங்க. தண்ணி விழற இடத்துல பாறை பாசி புடிச்சிருக்கும். கம்பியைப் புடிச்சுக்கிட்டே நகருங்க. தடுப்பைத் தாண்டி ஆத்துக்குள்ள இறங்கவே வேண்டாம். மேல சாந்தமாத் தெரியற இடத்துலதான் சுழலும் பள்ளமும் இருக்கு. நல்லா நீச்சல் தெரிஞ்சவங்க உயிரும் அங்க போயிருக்கு.

கொடிவேரியில வறுத்த மீன் வாங்கறப்ப, அடுக்கி வெச்சிருக்கறதை எடுக்காதீங்க. மசால் தடவின பச்சை மீனைக் காட்டி, "இதைப் போட்டுக் குடுங்க"ன்னு கேளுங்க. ரெண்டாந்தரம் எண்ணெயில போட்ட மீன் ஓரம் கறுத்து, சதை நார் நாரா வறண்டு போயிருக்கும். புதுசா வெந்ததுல முள்ளுப் பக்கம் சதை வெள்ளையா, ஈரமா உரிஞ்சு வரும்.

பள்ளிபாளையத்துக்காரர்:
ஈரோட்டுல இருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினா பள்ளிபாளையம், நாமக்கல் மாவட்டம். எங்கூருப் பேரைச் சொல்லி ஊரெல்லாம் சிவப்புக் குழம்பு ஊத்தறாங்க, அதான் வருத்தம். பள்ளிபாளையம் சிக்கன்ல மசால் பொடி, தக்காளி, இஞ்சி பூண்டு விழுது எதுவும் கிடையாதுங்க. அரைக் கிலோ கறிக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம், விதையை உதறின வரமிளகாய் பதினஞ்சு, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, பல்லு பல்லாக் கீறின தேங்காய் ஒரு கைப்பிடி. கடலெண்ணெய் தாராளமா.

மிளகாயைச் சூடு கம்மியான எண்ணெயில போட்டு, நிறம் மாறறதுக்குள்ள வெங்காயத்தைக் கொட்டிரணும். கறுத்துட்டா சட்டி முழுக்கக் கசப்புத்தான். கறியே தண்ணி விடும், மேல கை தெளிக்கற அளவு போதும். தேங்காய்க் கீத்து கடைசியில. தட்டுல வர்றப்போ மிளகாய்த் தோலும் தேங்காய்ப் பல்லும் கண்ணுக்குத் தெரியணும், குழம்பு ஓடக் கூடாது.

திருப்பூர் அக்கா:
குழந்தைகளோட வர்றவங்க சந்தகையைத் தேடிச் சாப்பிடுங்க. இடியாப்பத்துக்கு மாவைப் பிழிஞ்சு அப்புறம் வேக வெப்பாங்க. சந்தகை நேர் எதிர். புழுங்கலரிசியை நாலு மணி நேரம் ஊற வெச்சு, நைசா அரைச்சு, இட்லியா ஊத்தி வேக வெச்சு, ஆவி பறக்கறப்பவே அச்சுல போட்டுப் பிழியணும். ஆறிட்டா கட்டை தட்டிரும், ரெண்டு பேர் சேர்ந்து அமுக்கினாலும் இறங்காது. தேங்காய்ப் பால், நாட்டுச்சர்க்கரை, ஏலக்காய் போட்டது ஒரு தட்டு, எலுமிச்சை தாளிச்சது ஒரு தட்டு. காலை பலகாரம் இது, மதியம் கேட்டா பல இடத்துல தீர்ந்திருக்கும்.

சத்தி ரோட்டுக்காரர்:
பண்ணாரி தாண்டித் திம்பம் மலைப்பாதை ஏறறவங்க நேரத்தைக் கணக்குப் பண்ணிக்குங்க. 27 கொண்டை ஊசி வளைவு. 2022 பிப்ரவரியில இருந்து ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை: சரக்கு வண்டிக்குச் சாயங்காலம் 6 மணி முதல், காருக்கு 9 மணி முதல், காலை 6 வரைக்கும். மலை மேல இருக்கற ஆசனூர்ல இருந்து ராத்திரி 8 மணிக்குக் கிளம்பி இறங்கிக்கலாம்னு திட்டம் போடாதீங்க. ஒரு லாரி வளைவுல மாட்டினாலே ரெண்டு பக்கமும் வண்டி நின்னுரும்.

ஆசனூருக்கு மேல காராப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்காக யானைங்க ரோட்டுக்கே வரும். யானையைப் பார்த்தா தூரத்துலயே நிறுத்துங்க, ஹாரனும் ஹைபீமும் வேண்டாம், இறங்கிப் போட்டோ எடுக்கவே வேண்டாம். குரங்குக்குத் தீனி போடறவங்களைப் பார்த்தா வயிறு எரியுதுங்க. அதுக்குப் பழகின குட்டி ரோட்டோரமே கெடந்து சக்கரத்துல அடிபடுது.

கோபிக்காரன்:
@திருப்பூர் அக்கா, ஊத்துக்குளி வெண்ணெய் பத்தி எழுதலியேங்க?

திருப்பூர் அக்கா:
கடைசி நாள் வாங்குங்க தம்பி. சித்திரை வெயில்ல பஸ்ஸுல உருகிரும். தூக்குப் போசியில (தூக்குவாளியில) குளுந்த தண்ணி ஊத்தி உள்ள மிதக்க விட்டுக் கொண்டு போகணும். வீடு போனதும் சிறு தீயில உருக்குங்க. சடசடப்பு அடங்கி, அடியில கசண்டு பொன்னிறமாகறப்போ முருங்கைக்கீரை ஒரு கொத்து போட்டு உடனே இறக்கிருங்க. அதுக்கு மேல விட்டா நெய் தீஞ்ச வாசம் அடிக்கும்.